பேரறிஞர் அண்ணா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் தமிழ்மொழி விழா நெருங்கும்போது, பேச்சுப் போட்டிக்கும் பள்ளித் திட்டப்பணிக்கும் அண்ணாவைப் பற்றிக் குறிப்பெடுக்க விரும்பும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருக்கின்றன. தமிழகத்திலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் கேட்பவை வேறு வகை. தேக்காவில் தேநீர் குடித்தபடி அரசியல் பேசும் பெரியவர்கள் கேட்பவை இன்னும் கூர்மையானவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எளிய கேள்விகளை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக வைத்திருக்கிறேன்.

அண்ணா, அண்ணா என்கிறார்களே, அவருடைய முழுப் பெயர் என்ன? எந்த ஊர்க்காரர்?

முழுப் பெயர் காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை. சி.என்.அண்ணாதுரை என்பதில் உள்ள 'சி', காஞ்சிபுரத்தை அக்காலத்தில் ஆங்கிலத்தில் காஞ்சீவரம் என்று எழுதிய வழக்கிலிருந்து வந்தது. 'என்' தந்தையின் பெயர். 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தாயார் பங்காரு அம்மாள். ஆனால் அவரை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராசாமணி அம்மாள். அவரை அண்ணா 'தொத்தா' என்று அழைப்பார். மாணவராக இருந்தபோதே, 1930இல், இராணி அம்மையாரை மணந்தார்.

எம்.ஏ. படித்தவர், நல்ல வேலைக்குப் போயிருக்கலாமே? ஏன் அரசியலுக்கு வந்தார்?

வேலைக்கும் போனார். காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்திருக்கிறார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றபின் சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை அந்தக் காலத்தில் ஆனர்ஸ் பட்டம் வரை படிப்பதே அரிதாக இருந்தது. அந்தப் படிப்பைக் கொண்டு குடும்பத்தை உயர்த்திக்கொள்வதுதான் எல்லோரும் எதிர்பார்த்த வழி.

அவருடைய ஈடுபாடு மாணவப் பருவத்திலேயே நீதிக்கட்சியின் பக்கமும் சுயமரியாதை இயக்கத்தின் பக்கமும் திரும்பிவிட்டது. ஆங்கிலத்தில் பேசும் தலைவர்களின் சொற்பொழிவை மேடையிலேயே தமிழாக்கிச் சொல்லும் திறமை அவரை விரைவில் எல்லோருக்கும் தெரிந்தவராக்கியது. 1930களில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு.

பெரியாரை எப்போது சந்தித்தார்? அவருக்கு இவர் சீடர்தானே?

1934இல் திருப்பூரில் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டில் இருவரும் சந்தித்தனர். அதன்பின் பெரியாரின் 'விடுதலை', 'குடி அரசு' இதழ்களில் பணியாற்றினார். 1937 முதல் நடந்த முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னணியில் நின்று, 1938இல் சிறை சென்றார். 1942இல் 'திராவிட நாடு' என்ற வார இதழைத் தொடங்கினார். 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றிய தீர்மானம் 'அண்ணாதுரை தீர்மானம்' என்றே இன்றும் அறியப்படுகிறது.

சீடர் என்பதை அண்ணா ஒருநாளும் மறுத்ததில்லை. "நான் கண்டதும் கொண்டதும் ஒரே தலைவர்" என்பது அவர் பெரியாரைக் குறித்துச் சொன்னதாகப் பலரும் நினைவில் வைத்திருக்கும் வாசகம். அவரை விட்டு விலகிய ஆண்டுகளிலும் இந்த மதிப்பு மாறவில்லை என்பதை அடுத்த பதிலோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிறகு ஏன் பிரிந்தார்? எல்லாம் பெரியாரின் திருமணத்தால்தான் என்கிறார்களே?

திருமணம் உடனடிக் காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. 1949 ஜூலையில், தம் எழுபதாவது வயதை நெருங்கிய பெரியார், தம்மைவிட மிக இளையவரான மணியம்மையாரை மணந்தார். இயக்கத்தின் எதிர்காலப் பொறுப்பையும் சொத்தையும் பாதுகாக்கவே அந்த ஏற்பாடு என்பது அவருடைய விளக்கம். பொருந்தாத் திருமணத்தைக் கண்டித்துப் பேசி வளர்ந்த இளைஞர்களால் அதை ஏற்க முடியவில்லை.

ஆனால் விரிசல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோது, அந்நிய ஆட்சி அகன்ற நாள் நமக்கும் மகிழ்ச்சிக்குரிய நாளே என்று அண்ணா வெளிப்படையாக எழுதினார். இயக்கம் தேர்தலுக்கு வெளியே நின்று சமூகத்தை மாற்ற வேண்டும் என்பது பெரியாரின் வழி. மக்களின் ஒப்புதலைப் பெற்று ஆட்சியின் மூலமும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அண்ணாவிடம் முதிர்ந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்டால், திருமணம் நடக்காமல் இருந்திருந்தாலும் இந்த வழி வேறுபாடு ஒருநாள் பிரிவில்தான் முடிந்திருக்கும்.

பெரியாரின் பிறந்த நாளான செப்டம்பர் 17 அன்று, 1949இல், திராவிட முன்னேற்றக் கழகம் உருவானது. மறுநாள் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. தலைவர் நாற்காலி பெரியாருக்காகக் காலியாகவே இருக்கும் என்று அறிவித்து, அண்ணா பொதுச்செயலாளராக மட்டுமே இருந்தார். பிரிந்து போனவர்களைப் பெரியார் 'கண்ணீர்த்துளிகள்' என்று பல ஆண்டுகள் கடுமையாகச் சாடினார். அதற்கு அதே மொழியில் அண்ணா திருப்பிப் பேசவில்லை.

தி.க., தி.மு.க., அ.தி.மு.க. மூன்றும் எப்படி வேறுபடுகின்றன? என் பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்கிறது.

திராவிடர் கழகம் தேர்தலில் நிற்காத சமூக இயக்கம். தி.மு.க. அதிலிருந்து 1949இல் பிரிந்து அரசியல் கட்சியானது. அ.தி.மு.க., அண்ணா மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கியது, அதில் வரும் 'அ', அண்ணாவைக் குறிப்பது. ஆகவே பின்னிரண்டு கட்சிகளும் அவரைத் தங்கள் தலைவராகக் கொண்டாடுவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அவர் பேச்சில் அப்படி என்னதான் இருந்தது? ஒலிப்பதிவைக் கேட்டால் அடுக்குமொழியாக மட்டும்தான் தெரிகிறது.

அடுக்குமொழி இருந்தது. தேர்தல் கூட்டத்திற்குத் தாமதமாக வந்து, "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை, மறக்காமல் இடுவீர் உதயசூரியனில் முத்திரை" என்று பேசி அமர்ந்ததாக இன்றும் சொல்வார்கள். அந்த ஓசையைப் பின்பற்றிய பேச்சாளர்கள் ஒரு தலைமுறை முழுதும் உண்டு. ஆனால் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் அவரிடமிருந்து குறைவாகவே கற்றார்கள் என்பது என் எண்ணம்.

அவருடைய பலம் வாதத்தை அடுக்கும் முறையில் இருந்தது. 1963இல் மாநிலங்களவையில், சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தனிநபர் மசோதாவைப் பொதுவுடைமைக் கட்சியின் பூபேஷ் குப்தா கொண்டுவந்தார். பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன கிடைத்துவிடும் என்று எதிர்த்தரப்பில் கேட்டனர். மக்களவையை லோக் சபா என்றும், மாநிலங்களவையை ராஜ்ய சபா என்றும், குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் ஆக்கினீர்களே, அதனால் நீங்கள் என்ன பெற்றீர்கள் என்று அண்ணா திருப்பிக் கேட்டார். எதிராளி ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஒன்றை அவர் முன்னாலேயே எடுத்து வைத்து, அதே நியாயத்தை நமக்கும் கொடு என்று கேட்பது அவருடைய முறை. கோபப்பட வேண்டிய இடத்திலும் அவர் குரல் உயராது. பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் எதுகை மோனையைவிட முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

மேடையில் பேசியதைப் போலவே எழுத்திலும் அவருக்கு ஒரு தனி வடிவம் இருந்தது. 'தம்பிக்கு' என்று தொடங்கி வாரந்தோறும் எழுதிய கடிதங்கள், பள்ளிப் படிப்பைத் தாண்டாத தொண்டருக்கும் பொருளாதாரத்தையும் உலக நடப்பையும் சொல்லிக்கொடுத்தன.

சினிமாவை வைத்துத்தானே வளர்ந்தார்கள்?

சினிமாவும் நாடகமும் பெரிதாக உதவின என்பது உண்மையே. அண்ணா தாமே நாடகம் எழுதி, அதில் நடிக்கவும் செய்தார். அவர் எழுதிய 'வேலைக்காரி' நாடகமாக வெற்றி பெற்று, 1949இல் திரைப்படமாகவும் வந்தது. பண்ணையாரின் கொடுமை, சாதி, போலிச் சாமியார் என்று மேடையில் பேசியதையே கதையாகச் சொன்ன படம் அது.

ஆனால் சினிமாவை மட்டும் காரணமாகச் சொல்வோர், ஊர்தோறும் இருந்த படிப்பகங்களையும், சலூனிலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் இதழை வாய்விட்டுப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட வழக்கத்தையும் விட்டுவிடுகிறார்கள். தொண்டர்களை உருவாக்கியவை அந்தப் படிப்பகங்களே. படம் அவர்களுக்குத் துணை நின்றது.

கட்சி தொடங்கியதும் தேர்தலில் நின்றுவிட்டாரா? அவரே தோற்றிருக்கிறாராமே?

உடனே நிற்கவில்லை. 1952 தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை. 1956இல் திருச்சி மாநில மாநாட்டில் தொண்டர்களிடமே வாக்கெடுத்து, பெரும்பான்மை விருப்பப்படி தேர்தலில் இறங்க முடிவு செய்தது. 1957இல் 15 பேர் சட்டமன்றத்திற்குச் சென்றனர். அண்ணா காஞ்சிபுரத்தில் வென்றார். 1959இல் சென்னை மாநகராட்சி கட்சியின் கைக்கு வந்தது.

1962இல் கட்சி 50 இடங்களைப் பிடித்தபோது, அண்ணா சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்றார். அந்தத் தோல்வி ஒருவகையில் நன்மையாக முடிந்தது. மாநிலங்களவை உறுப்பினராக தில்லிக்குச் சென்ற அவருடைய குரல் இந்தியா முழுவதும் கேட்டது. 1962 மே முதல் நாளில் அவர் ஆற்றிய கன்னிப்பேச்சில், தாம் திராவிட இனத்தைச் சேர்ந்தவர் என்பதில் பெருமை கொள்வதாகவும், அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ தாம் எதிரானவர் அல்லர் என்றும் கூறினார்.

திராவிட நாடு கேட்டவர், சட்டம் வந்ததும் பயந்து கைவிட்டார். அப்படித்தானே?

தேக்காவில் மட்டுமல்ல, எங்கும் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நடந்ததை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 1962 அக்டோபரில் சீனா இந்திய எல்லைக்குள் படையெடுத்தது. அப்போதே அண்ணா, திராவிட நாடு என்ற தனி நாடு கேட்கும் பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்தி, நாட்டின் பாதுகாப்பு முயற்சிக்கு முழு ஆதரவு தந்தார். "வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும்" என்று அதற்கு விளக்கம் சொன்னார். அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது திருத்தம், தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று விதித்தது 1963இல். அந்த ஆண்டின் இறுதியில் கட்சி தன் குறிக்கோளை முறைப்படி மாற்றியது.

சட்டம் அவரை நெருக்கியது என்பதை நான் மறுக்கமாட்டேன். கட்சி தடைசெய்யப்பட்டால் அதுவரை சேர்த்த தொண்டர் படையும் அரசியல் செல்வாக்கும் அழிந்துபோகும் என்று அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கைக் கோழைத்தனம் என்று சொல்வது எனக்கு உடன்பாடல்ல. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மைய அரசிடம் அதிகாரம் குவிவது, வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையிலான பொருளாதார ஏற்றத்தாழ்வு, ஒரு மொழியின் ஆதிக்கம் ஆகிய அந்தக் காரணங்களை, இந்தியாவிற்குள்ளேயே மாநில சுயாட்சி என்ற கோரிக்கையாக அவர் மாற்றிக்கொண்டார். நோக்கத்தை விடாமல் வழியை மாற்றுவது அவருடைய வாழ்க்கை முழுவதும் நாம் காணும் பண்பு. பெரியாரை விட்டுப் பிரிந்ததிலும் தேர்தலில் இறங்கியதிலும் இதே பண்பைத்தான் பார்க்கிறோம்.

இந்தி மேல் ஏன் அவ்வளவு வெறுப்பு? சிங்கப்பூரில் நாம் நான்கு மொழிகளோடு நன்றாகத்தானே வாழ்கிறோம்?

இந்தி என்ற மொழியை அவர் வெறுக்கவில்லை. அது ஆட்சிமொழியாகத் திணிக்கப்படுவதை எதிர்த்தார். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் எதுவும் கற்காமலே தேர்வு எழுதி வேலைக்குச் செல்ல, மற்றவர் இன்னொரு மொழியைக் கற்ற பின்பே அவரோடு போட்டியிட வேண்டும் என்பது சமநீதி ஆகாது என்பது அவர் வாதம். ஆங்கிலம் பொதுவாக இருந்தால் நன்மையும் சுமையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்றார். பெரும்பான்மையோர் பேசுவதால்தான் இந்தி என்று சொன்னவர்களிடம், எண்ணிக்கைதான் அளவு என்றால் மயிலை ஏன் தேசியப் பறவையாக்கினீர்கள், காகத்தை அல்லவா ஆக்கியிருக்க வேண்டும் என்று அவர் கேட்டது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகச் சொன்னால், அது அண்ணாவின் வாதத்திற்கு எதிராக நிற்காது, துணையாகவே நிற்கும். இங்கே மிகப் பெரும்பான்மையோர் சீனர். ஆனாலும் மாண்டரின் மட்டும் ஆட்சிமொழி ஆக்கப்படவில்லை. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் அதிகாரத்துவ மொழிகளாக இருக்க, எந்த இனத்தின் தாய்மொழியும் அல்லாத ஆங்கிலம் வேலைமொழியாக இயங்குகிறது. மக்கள்தொகையில் சிறு பங்கினரான நம்முடைய மொழி நாணயத்திலும் அறிவிப்புப் பலகையிலும் இருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அண்ணா எதைக் கேட்டார் என்பதை விளக்குவது எளிது.

1965 போராட்டத்தைத் தூண்டியது அவர்தானா?

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலை வர இருந்தது. அந்த நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்க தி.மு.க. அறிவித்தது. அதற்கு முன்னதாகவே அண்ணா கைது செய்யப்பட்டார். அதன்பின் தெருவில் இறங்கியவர்கள் மாணவர்கள். கட்சியின் பிடிக்கு அப்பாற்பட்ட எழுச்சியாக அது மாறிவிட்டது. ஓராண்டுக்கு முன்பே, 1964 ஜனவரியில், கீழப்பழுவூர்ச் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்து மாண்டிருந்தார். 1965இல் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர், படை வரவழைக்கப்பட்டது, மத்திய அமைச்சர்களான சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதி கூறிய பிறகே நிலைமை தணிந்தது. வன்முறையை நிறுத்துமாறு அண்ணா மாணவர்களிடம் வேண்டிக்கொண்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காமராசரைப் போன்ற நல்லவரைத் தோற்கடித்து வந்த ஆட்சிதானே அது?

1967 தேர்தலில் விருதுநகரில் காமராசர், மாணவர் தலைவரான பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். பள்ளிகளைத் திறந்து, மதிய உணவு தந்த ஒரு முதல்வர் சொந்த ஊரில் தோற்றது பலருக்கும் இன்றும் ஆறாத வருத்தம். அந்த வருத்தம் அண்ணாவுக்கும் இருந்தது. அந்தத் தோல்வியைக் கொண்டாட வேண்டாம் என்று தம் கட்சியினரைக் கண்டித்தார்.

ஆனால் மக்கள் ஏன் அப்படி வாக்களித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அப்போது ஆட்சியில் இருந்தவர் பக்தவத்சலம். காமராசர் 1963 அக்டோபரிலேயே முதல்வர் பதவியை விட்டு விலகியிருந்தார். அரிசிப் பஞ்சமும் விலை உயர்வும் வீடுதோறும் பேச்சாக இருந்தன. மேலே சொன்ன மொழிப் போராட்டத்தின் காயம் ஆறவில்லை. இவற்றோடு, இராசாசியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத கட்சிகளையெல்லாம் ஒரே அணியில் நிறுத்தும் பொறுமை அண்ணாவிடம் இருந்தது. 234 இடங்களில் தி.மு.க. தனித்தே 130க்கும் மேல் வென்றது.

வென்றதும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, திருச்சிக்குச் சென்று பெரியாரைப் பார்த்தது. அந்தத் தேர்தலில் பெரியார் காங்கிரசை ஆதரித்து, இவர்களை எதிர்த்துப் பேசியவர். பதினெட்டு ஆண்டுகள் தம்மைத் திட்டியவர் முன்னால் போய் நின்று, இந்த ஆட்சியே உங்களுக்குக் காணிக்கை என்று சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

இரண்டு ஆண்டுகூட ஆளவில்லை. அதற்குள் என்ன செய்துவிட்டார்?

1967 மார்ச் 6 முதல் 1969 பிப்ரவரி 3 வரை முதல்வராக இருந்தார். அதிலும் கடைசி மாதங்கள் நோயிலேயே கழிந்தன. மூன்று காரியங்கள் இன்றும் நிலைத்து நிற்கின்றன. மாநிலத்தின் பெயர் மாற்றத்தைத் தனிக் கேள்வியாகக் கீழே வைத்திருக்கிறேன். இரண்டாவது, 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கை; அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற அந்த முடிவை, அதன்பின் வந்த எந்த அரசும் மாற்றவில்லை.

மூன்றாவதான சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை இங்குள்ளவர்கள் சரியாக மதிப்பிடுவதில்லை. புரோகிதரும் தீவலமும் இல்லாமல் நடந்த திருமணங்கள் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துணிந்து சீர்திருத்த மணம் செய்துகொண்ட தம்பதியரின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையான வாரிசுகள் அல்லர் என்ற நிலை ஏற்பட்டது. 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ உற்றார் முன்னிலையில் நடந்த மணத்தைச் செல்லுபடியாக்கியது. இனி நடக்கப்போகும் மணங்களோடு, முன்பே நடந்தவையும் செல்லும் என்றது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரு தலைமுறையின் மனச்சுமை அன்று இறங்கியது.

முழுதும் நிறைவேறாத வாக்குறுதியும் உண்டு. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தேர்தலில் சொன்னார்கள். ரூபாய்க்கு ஒரு படி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நிதிச்சுமையால் மாநிலம் முழுவதற்கும் விரியவில்லை.

'தமிழ்நாடு' என்ற பெயர் அண்ணா வைத்ததா, சங்கரலிங்கனார் உயிர் கொடுத்துப் பெற்றதா?

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தியாகி சங்கரலிங்கனார் 1956இல் விருதுநகரில் பல கோரிக்கைகளை முன்வைத்து உண்ணாநோன்பு இருந்தார். அவற்றுள் ஒன்று இந்தப் பெயர் மாற்றம். இரண்டு மாதங்களுக்கு மேல் நோன்பிருந்து அந்த அக்டோபரில் உயிர் நீத்தார். 1963இல் மாநிலங்களவையில் நடந்த வாதத்தை அண்ணாவின் பேச்சு பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன். அந்த மசோதா தோற்றது.

1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் முதல்வராக அவரே கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'தமிழ்நாடு' என்று அவர் மூன்று முறை சொல்ல, உறுப்பினர்கள் ஒவ்வொரு முறையும் 'வாழ்க' என்று முழங்கினர். நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபின், 1969 ஜனவரி 14 அன்று, பொங்கல் திருநாளில், பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் மூன்று வாரங்கள்கூட உயிரோடு இல்லை.

நாத்திக இயக்கத்துக்காரர் 'ஒருவனே தேவன்' என்று சொன்னது முரண்பாடு இல்லையா?

பெரியார் வழியில் மட்டும் பார்த்தால் முரண்பாடுதான். 1953இல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைத்தபோது, பிள்ளையாரை உடைக்கவும் மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டேன் என்று அண்ணா தம் நிலையை விளக்கினார். திருமூலரின் 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்ற வரியைக் கட்சியின் கொள்கையாக எடுத்துக்கொண்டார். வாக்குக் கேட்கும் கட்சிக்கு நம்பிக்கையுள்ளவர்களும் வேண்டும் என்ற நடைமுறைக் கணக்கு அதில் உண்டு. ஆனால் அவர் அந்த வரியில் அழுத்திச் சொன்னது முதற்பாதியைத்தான்: சாதி பிறப்பால் அமைந்தது என்பதை மறுக்கத் திருமூலரையே சாட்சிக்கு அழைத்தார். மூடநம்பிக்கையையும் சடங்குகளையும் எதிர்த்து எழுதியதை அவர் நிறுத்தவும் இல்லை.

கீழ்வெண்மணி அவர் ஆட்சியில் நடந்ததுதானே? அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடிசைகள் தாக்கப்பட்டன. ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பண்ணையார்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே பதற்றம் முற்றிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அரசால் இதைத் தடுக்க முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்ட பண்ணையார்கள் பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

அண்ணா அப்போது அமெரிக்காவில் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி, உடல் தேறாத நிலையில் இருந்தார். அமைச்சர்களை அங்கே அனுப்பினார். மிகுந்த வேதனையும் அடைந்தார். அவருடைய உடல்நிலையைச் சொல்வது நடந்ததைப் புரிந்துகொள்ள உதவுமே தவிர, ஆட்சியின் பொறுப்பைக் குறைக்காது. ஏழைகளின் பெயரால் வந்த ஆட்சியில் அந்தக் குடிசை எரிந்தது என்பதை, அவரை மதிக்கும் நாமே முதலில் சொல்ல வேண்டும்.

அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் வந்தார்களாமே, கின்னஸ் சாதனையாமே?

1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பிய அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று சென்னையில் காலமானார்; வயது 59. மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டார். ஒன்றரைக் கோடி என்ற எண் கின்னஸ் பெயரோடு சேர்ந்தே பரவியிருக்கிறது. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 12 இலட்சம். குழந்தைகள், முதியோர் உட்பட மூன்றில் ஒருவருக்கு மேல் ஒரே நாளில் சென்னைக்கு வர, அன்றைய தொடர்வண்டிகளும் பேருந்துகளும் போதுமா என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். கட்டுரையில் 'பல இலட்சம் மக்கள்' என்று எழுதுவதே நேர்மை. அவருடைய பெருமைக்கு அந்த எண் தேவையே இல்லை.

'பிகாஸ்' என்ற சொல்லை ஒரே வாக்கியத்தில் மூன்று முறை வைத்து வெள்ளைக்காரர்களை வியக்க வைத்த கதைக்கும் இதையே சொல்வேன். அது மேடைக்கு மேடை மாறிவரும் கதை. 1968இல் யேல் பல்கலைக்கழகம் சப் ஃபெலோஷிப் அளித்து அவரை வரவழைத்துப் பேசவைத்தது பதிவான செய்தி, அதை எழுதுங்கள்.

இதெல்லாம் தமிழ்நாட்டு வரலாறு. சிங்கப்பூர்த் தமிழருக்கு இதில் என்ன இருக்கிறது?

நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றபின், சீர்திருத்தக் கருத்து இங்கே வேர்விட்டது. தமிழவேள் கோ.சாரங்கபாணி தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். சாதிப் பெயரைக் கைவிடுவது, புரோகிதரில்லாத் திருமணம், பிள்ளைகளுக்குத் தூய தமிழ்ப் பெயர் வைப்பது போன்றவை துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு வரை வந்தன. திராவிட இயக்க இதழ்கள் கப்பலில் வந்து இங்கே கைமாறின. நம் தாத்தாக்கள் பலர் மதியழகன், இளங்கோவன், தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்தது அந்தக் காற்றில்தான்.

ஆனால் இங்குள்ள தலைவர்கள் தமிழ்நாட்டு அரசியலை அப்படியே இறக்குமதி செய்யவில்லை. சாரங்கபாணி 1950களில் தமிழர்களைக் குடியுரிமை பெறச் சொல்லி இடைவிடாமல் வலியுறுத்தினார். 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி, சமயமும் சாதியும் கடந்து எல்லாத் தமிழரையும் ஒரே பந்தலில் அமர்த்தினார். மொழிப்பற்றையும் சமத்துவத்தையும் எடுத்துக்கொண்டு, இந்த மண்ணுக்குரிய அரசியலை இங்கேயே கண்டார்கள்.

அவரைப் பற்றிப் பிறர் எழுதியதையே படிக்கிறோம். அவர் எழுதியதை எங்கிருந்து தொடங்குவது?

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 'தம்பிக்கு' கடிதங்களில் ஐந்தாறு படித்துத் தொடங்கலாம். தமிழ் நடை கடினமாக இராது. தமிழில் தடுமாறும் பிள்ளைகள் மாநிலங்களவையில் அவர் ஆங்கிலத்தில் பேசிய உரைகளை எடுத்துக்கொள்ளலாம். அவை அவைக் குறிப்புகளில் அப்படியே இருக்கின்றன. 1962ஆம் ஆண்டின் கன்னிப்பேச்சையும் 1963ஆம் ஆண்டின் பெயர் மாற்ற விவாதத்தையும் அடுத்தடுத்துப் படித்தால், பிரிவினை பற்றிய பதிலில் நான் சொன்ன மாற்றத்தை அவர் சொற்களிலேயே காணலாம். பெரியவர்களுக்கு, 1969 பொங்கலை ஒட்டி அவர் தம்பிக்கு எழுதிய கடைசி மடலைப் பரிந்துரைப்பேன். மாநிலங்களுக்குரிய அதிகாரம் பற்றி நோய்ப்படுக்கையிலும் எவ்வளவு தெளிவாகச் சிந்தித்தார் என்பது அதில் தெரியும்.

அவருடைய எழுத்துகள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டவை ஆதலால் இணையத்தில் தடையின்றிக் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகளில் சிங்கப்பூர் அவரை எப்படிப் பார்த்தது என்று அறிய விரும்புவோர், தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்துள்ள பழைய தமிழ் முரசு இதழ்களில் 1967 மார்ச், 1969 பிப்ரவரி ஆகிய இரு மாதங்களையும் முதலில் புரட்டலாம்.